குட்டி வேண்டாம், விலை மட்டும்

“குட்டி வேண்டாங்க. விலை மட்டும் சொல்லுங்க.”

எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். குதிரை லாயத்துக்குப் பட்டுப்புடவையில் வருகிறவர்கள் குதிரைக்காக வருவதில்லை என்பது, அங்கே குட்டிகளைக் கொடுக்கும் பொறுப்பிலிருந்த பூரணிக்குப் பழகிப்போன விஷயம்.

“யாரு வீட்டுக்கு விலை கேக்கறீங்க?”

“எம் பொண்ணு வழியில சம்பந்தி ஆகப்போறவங்களுக்குங்க.”

“அவங்க கையெழுத்து இல்லாம மெஷின் கணக்குப் போடாதுங்களே.”

“அதெல்லாம் வாங்கியாச்சு. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே, வெத்தலைத் தட்டத்தைத் தொடறதுக்கு முன்னாடி கையெழுத்தைத்தான் வாங்குனோம்.”

“ஜாதகம் பாக்கலைங்களா?”

“ஜாதகம் பொய் சொல்லும்ங்க. உங்க சுழியன் சொல்லுமா?”

“வாங்காதவங்களுக்கு விலை சொல்றதில்லைங்க.”

“அப்ப வாங்கற மாதிரி மனுப் போட்டுட்டுப் போறோம். திங்கக்கிழமை போர்டுல வந்துதானே ஆகணும்?” என்று எழுந்த அம்மாள், வாசல்வரை போய்த் திரும்பினாள். “ஏனுங், எந் தங்கச்சி மகளைக் கட்டப்போற பையனோட அம்மா, அந்த நாத்துப்பண்ணைக்காரி சுடர்விழி, மனுப் போட்டிருக்கறாளாமே? நாளைக்கு அவ விலையும் வருமுங்களா?”

“நாளைக்கு வந்து பாருங்க” என்றாள் பூரணி.

சுழியன் என்பது அந்தக் குதிரைக் காப்பகத்தின் கணினி. அரசாங்கம் அதற்கு வைத்த நீளமான பெயர் யாருக்கும் நினைவில்லை. முன்பெல்லாம் அந்தியூர்ச் சந்தையில் குதிரைக்குச் சுழி பார்ப்பார்கள். நெற்றியில் இப்படிச் சுழி இருந்தால் எஜமானுக்கு ஆகும், விலாவில் அப்படி இருந்தால் ஆகாது என்பார்கள். இப்போது குதிரை மனிதனுக்குச் சுழி பார்க்கிறது என்று யாரோ கிண்டல் செய்யப்போய், பெயர் நிலைத்துவிட்டது.

காப்பகம் வளர்க்கும் ஊசிமலை மட்டம் என்கிற குட்டை இனக் குதிரை, ஆள் நெஞ்சுக்கு மேல் உயராது. ஆடு ஏறுகிற பாறையில் ஏறும். ஒரு காலத்தில் பதினோரு பெட்டைக்குதிரைகள்தான் மிஞ்சியிருந்தன. உறையவைத்த கருவைச் சாதாரணக் குதிரைகளின் வயிற்றில் வளர்த்து, இனத்தை மெல்ல மீட்டார்கள். பிறந்த குட்டிகளை முதலில் ஏலம் விட்டார்கள். அவை கல்யாண மண்டபத்துக்கும் பண்ணை பங்களாவுக்கும் போயின. அலுத்ததும் கைமாறின. கைமாறிய குட்டி காணாமல் போன குட்டிதான். அதனால் ஊசிமலைக் குட்டி கைமாறக் கூடாது என்று சட்டம் வந்தது. சட்டத்தின் பின்னாலேயே சுழியன் வந்தது.

மனுப் போடுகிறவர் கையெழுத்திட்டால், அவருடைய காடு கழனி, கிணறு, வங்கிக் கணக்கு, ஆஸ்பத்திரிச் சீட்டு, செல்பேசி என எல்லாவற்றையும் சுழியன் படிக்கும். படித்துவிட்டு ஒரே ஒரு எண்ணைச் சொல்லும். அந்த வீட்டுக் கட்டுத்தரையில், மாடு கட்டும் தொழுவத்தில், அந்தக் குட்டி எத்தனை ஆண்டு நிற்கும் என்பதுதான் அது. இருபத்தைந்து ஆண்டு நிற்குமென்றால் குட்டியின் விலை ஒண்ணேகால் ரூபாய். குறைகிற ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு லட்சம் ஏறும். ஆளுங்கட்சிக்காரனுக்குச் சலுகை என்று பேச்சு வரக் கூடாதென்று, எல்லா விலையும் திங்கட்கிழமை காலை வாசல் பலகையில் ஒளிரும்.

ஊருக்குக் கழித்தல் கணக்கு தெரியும் என்பதைச் சட்டம் போட்டவர்கள் யோசிக்கவில்லை. இருபது லட்சம் என்று வந்தால் அந்த வீட்டுக்கு ஐந்து ஆண்டு. ஆள் போய்விடுவான், அல்லது குடும்பம் நொடித்துவிடும். பெரும்பாலும் ஆள் போய்விடுவான் என்றே ஊர் வைத்துக்கொண்டது.

“பூரணிக்கா, உள்ள வாங்க.” ஃபர்ஹானா உள்ளறையிலிருந்து கூப்பிட்டாள். சுழியனை எழுதியவள் அவள். வேலூர்க்காரி. நாற்பது வயதாகியும் குதிரைப் பக்கம் போனால் இரண்டடி தள்ளித்தான் நிற்பாள். ஆனால் கடுகு அவளை விடாது. ஆறு மாதக் குட்டி, கறுப்பில் சாம்பல் தூவின உடம்பு. இன்னும் யாருக்கும் போகாமல் லாயத்தில் மிஞ்சிய ஒரே பெட்டைக்குட்டி. சன்னல் வழியாகத் தலையை நீட்டி ஃபர்ஹானாவின் துப்பட்டாவை மென்றுகொண்டிருந்தது.

“இத மொதல்ல இழுங்கக்கா. இந்த மாசம் மூணாவது துப்பட்டா.”

“உம்மேல பிரியம் கண்ணு அதுக்கு. என்ன விஷயம்?”

ஃபர்ஹானா திரையைத் திருப்பினாள். விண்ணப்பம்: சுடர்விழி. குட்டி: கடுகு. விலை: இருபத்தொரு லட்சம்.

பூரணி உட்கார்ந்துவிட்டாள்.

“நாலா?”

“நாலு.”

“மறுபடியும் போட்டுப் பாரு.”

“போட்டுப் பாத்துட்டேன். தனியா ஒரு தடவை, குட்டிய மாத்தி ஒரு தடவை. நாலுதான் வருது.”

“அவளுக்கு நாப்பத்தெட்டு வயசு. காலைல நாப்பது தட்டு நாத்தை வண்டியில ஏத்திட்டுத்தான் காப்பியே குடிப்பா. கடன் இல்ல. கிணத்துல தண்ணி இருக்குது. புருசன் செத்து பன்னெண்டு வருசம் ஒத்தையா நின்னு பண்ணைய நடத்தறா. அவளுக்கா நாலு?”

“எண்ணு மட்டும்தான்க்கா வரும். காரணம் வராது.”

“ஏன் வராதுன்னு கேக்கறேன். நீதான எழுதுன?”

“காரணம் சொன்னா ஒருத்தரோட அந்தரங்கம் வெளிய போயிடும்னு சட்டத்துல தடுத்துட்டாங்க. அதனால எண்ணை மட்டும் சொல்லுது.”

“எண்ணைச் சொன்னாப் போதுமே. மீதியை ஊரே எழுதிக்கும்.” பூரணி சன்னலுக்கு வெளியே கைகாட்டினாள். “அங்க பாரு, உக்காந்திருக்காரே.”

வாசல் புங்கமரத்தடியில் தேவசேனன் மாமா உட்கார்ந்திருந்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் பெயருக்கு எதிரே இருபத்துமூன்று லட்சம் என்று பலகையில் வந்தது. இரண்டே ஆண்டு. மளிகைக்கடையில் கணக்கு வைக்க மறுத்தார்கள். சீட்டுக்காரன் ஏலச்சீட்டில் சேர்க்கவில்லை. பங்காளிகள் முகத்தைப் பார்க்காமல் காட்டைப் பார்த்தார்கள். மனிதர் வெறுத்துப்போய்க் காட்டை விற்று, தங்கைகளுக்கும் கோயிலுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு, அக்கா வீட்டில் சாவுக்காகக் காத்திருந்தார். இரண்டாண்டு தாண்டி மூன்றும் ஆகிவிட்டது. தலைவலிகூட வரவில்லை. இப்போது ஞாயிறுதோறும் வந்து, “என்ன அம்மிணி, உங்க மெஷினு என்னைய மறந்துபோச்சா?” என்று கேட்பார். சிரித்துக்கொண்டேதான் கேட்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் ஃபர்ஹானா பின்வாசலால் போய்விடுவாள்.

“சுடர்விழி பையனுக்கு வெள்ளிக்கிழமை நிச்சயம்” என்றாள் பூரணி. “பட்டுப்புடவையில வந்துச்சே ஒரு அம்மா, அது பொண்ணோட பெரியம்மா. நாளைக்குப் போர்டைப் பாக்கத்தான் துடிக்குது. இருபத்தொண்ணுன்னு வந்தா, மாமியா சாகப்போற வீட்டுல எவன் பொண்ணு குடுப்பான்? நிச்சயம் நின்னுரும். அதைவிட, அவளுக்கே தெரியாத சாவை ஊரு அவளுக்குச் சொல்லும்.”

“மனுவ அவங்களே வாபஸ் வாங்கிட்டா போர்டுல வராதுக்கா. விதி இருக்கு.”

“கூப்புடறேன்.”

“என்னன்னு சொல்லுவீங்க?”

“தெரியல கண்ணு. வரட்டும்.”

சுடர்விழி மத்தியானமே வந்துவிட்டாள். தலையில் மண், காலில் மண், தோளில் துண்டு. வந்தவள் பூரணியைப் பார்க்காமல் நேரே கடுகிடம் போனாள். அது அவள் தோளை மோந்து, துண்டின் நுனியை வாயில் கவ்வியது.

“ஏனுங்க்கா, வரச் சொன்னீங்களாமே. குட்டிய இன்னைக்கே ஓட்டிட்டுப் போலாமுங்களா?”

“சுடரு, இந்தக் குட்டி வேண்டாம்.”

“ஏனுங்?”

“வேற நல்ல குட்டி இருக்குது. அடுத்த வருசம் பாத்துக்கலாம். மனுவ வாபஸ் வாங்கிக்கோ.”

“இது நல்ல குட்டி இல்லீங்களா?”

“குட்டி தங்கம்.”

“அப்ப எம்மேல குத்தமுங்களா?”

“அதில்ல சாமி…”

“அக்கா, நீங்க சந்தையில பெரிய தரகரு. எத்தனை குதிரைய வித்திருப்பீங்க. பொய் சொல்ல வருமுன்னு நெனச்சனே, இப்படித் தடுமாறுறீங்க? விலை வந்துருச்சு, அதான? என்ன விலைங்க?”

பக்கத்தில் இரண்டு பேர் புல் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். கத்தி நின்றுபோயிருந்தது. தேவசேனன் மாமாவும் மரத்தடியிலிருந்து எழுந்து வேலியோரம் வந்துவிட்டார்.

பூரணி சுற்றிப் பார்த்தாள். பிறகு சுடர்விழியின் தோளிலிருந்து துண்டை உருவி, தன் வலதுகையின் மேல் போட்டாள்.

“கையக் குடு.”

சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசிய முதல் பெண் பூரணி. அப்பனுக்குப் பக்கவாதம் வந்த வருடம், இருபது வயதில், மீசைக்காரர்களின் நடுவே போய் நின்று துண்டை விரித்தவள். துண்டுக்குள் விரல்கள்தான் பேசும். சுற்றி நூறு பேர் நின்றாலும், பிடித்த இரண்டு கைகளுக்கு மட்டும்தான் விலை தெரியும். அங்கே பேசியதை வெளியே சொல்கிறவனோடு சந்தையில் யாரும் அதற்குப் பிறகு கை கோக்க மாட்டார்கள். முப்பது ஆண்டுக்கும் மேலாக அந்தக் கை துண்டுக்குள் தயங்கியதில்லை.

இருக்கிற விலையைக் காட்டலாமா, ஒரே பொய்யாகச் சொல்லிவிடலாமா என்று பூரணி தயங்குவதற்குள், துண்டுக்குள் சுடர்விழியின் கை முந்திக்கொண்டது. பூரணியின் நாலு விரலைச் சேர்த்துப் பிடித்து அழுத்தியது.

“நாலு. சரிங்களா?” என்றது சுடர்விழியின் முகம், வாய் திறக்காமலே.

பூரணிக்குக் கண் நிறைந்துவிட்டது. அவளை அப்படியே லாயத்தின் உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். ஃபர்ஹானா பின்னாலேயே ஓடி வந்து கதவைச் சாத்தினாள்.

“உனக்குத் தெரியுமா?”

“தெரியாம எப்படிங்க?”

“ஆஸ்பத்திரியில எப்பச் சொன்னாங்க?”

“எந்த ஆஸ்பத்திரியில?”

“என்ன சீக்குன்னு சொன்னாங்க?”

“யாருக்குங்க சீக்கு?”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடுகு ஃபர்ஹானாவின் துப்பட்டாவைத் தேடி வந்தது. இந்த முறை அவள் நகரவில்லை.

“அக்கா,” என்று சுடர்விழி மெதுவாக ஆரம்பித்தாள், “நான் சாகப்போறன்னா நெனச்சீங்க?” கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள், வாயைப் பொத்திக்கொண்டு தீவனமூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். “ஐயோ, உங்க மூஞ்சியப் பாக்கோணுமே! எழவு வீட்டுக்கு வந்த மாதிரி துண்டைப் போட்டீங்க!”

“சிரிக்காதடி. அப்பறம் நாலுன்னா என்ன?”

“நாலு வருசத்துல நான் அந்த வீட்டை விட்டுப் போறனுங்க.”

“எங்க போற?”

“மலைக்கு அந்தப் பக்கம். கொள்ளேகால் போற வழியில ஒரு சரிவை, நான் போற வருசத்துல இருந்து ஏழு வருசத்துக்குக் குத்தகை பேசியிருக்கறன். தீப்பிடிச்சு மொட்டையாப் போன சரிவு. அங்க மரம் வெக்கப்போறன். ரெண்டு வருசமா கன்னடம் படிக்கறனுங்க, ராத்திரி ராத்திரி காதுல மாட்டிக்கிட்டு. எங்க பையன் நான் பாட்டுக் கேக்கறன்னு நெனச்சுக்கிட்டு இருக்கறான்.”

“கூட யாரு வர்ற ஆளு?”

“ஆளா? ஏனுங்க்கா, ஒரு பொம்பளை வீட்டை விட்டுப் போனா ஒண்ணு பொணமாப் போகோணும், இல்லீனா ஒருத்தங்கூடப் போகோணுமா? நான் எங்காலுல போறனுங்க.”

அடுத்து ஃபர்ஹானாதான் கேட்டாள்.

“சரிங்க, அதென்ன நாலு வருஷக் கணக்கு? பையன் கல்யாணம் முடிஞ்சதும் போகலாமே?”

“அந்தச் சரிவுல வண்டி ஏறாதுங்க. கன்னுகளை யாரு தூக்குவா? இவதான்.” சுடர்விழி கடுகின் முதுகைத் தட்டினாள். “இவளுக்கு முதுகு கெட்டிப்படோணும்ல?”

பூரணி நெற்றியில் ஓங்கி அடித்துக்கொண்டாள். அந்தச் சத்தத்தில் கடுகே பின்வாங்கியது.

“மட்டக்குட்டி சுமை தூக்க நாலு வருசம்! நான் பால்குடிக்கற வயசுலயே எங்கப்பன் எனக்குச் சொன்ன கணக்கு! குதிரைத் தரகர் வீட்டுல பொறந்தவ நான். நாலுன்னதும் எனக்குப் பாடைதான் ஞாபகத்துக்கு வந்துச்சு, குதிரையோட முதுகு வரலையே!”

“மெஷின் சாவுன்னு சொல்லவே இல்லக்கா” என்றாள் ஃபர்ஹானா. அவள் குரல் மாறியிருந்தது. “அது ஒரு தடவைகூடச் சொன்னதில்ல. நாமதான் சொல்லிக்கிட்டோம்.”

சுடர்விழி மூட்டையிலிருந்து எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டாள்.

“யாருக்கும் சொல்லிராதீங்கக்கா” என்றாள் சுடர்விழி. சிரிப்பு போயிருந்தது. “வெள்ளிக்கிழமை நிச்சயம். மாமியா வீட்டை விட்டுப் போகப்போறாளாம்னு தெரிஞ்சா, இந்த வீட்டுல என்னமோ கசமுசான்னு பொண்ணு வீட்டுல பின்வாங்கிருவாங்க. எம் பையனுக்கு நானா, என் நேரத்துல சொல்லோணும். அவங்க குடித்தனம் பழகட்டும், பண்ணைக் கணக்கு அந்தப் பொண்ணுக்குப் பழகட்டும். அதுக்கும் நாலு வருசம் சரியா இருக்கும்.”

“நாளைக்குக் காலைல இருபத்தொரு லட்சம்னு போர்டுல வருமே” என்றாள் பூரணி. “வாபஸ் வாங்கிட்டா வராது.”

“வாங்கிட்டா குட்டி?”

“குட்டி இல்ல.”

“குட்டி இல்லாம எனக்கு மலை இல்லீங்க.” சுடர்விழி கடுகின் பிடரியில் கையை விட்டுக்கொண்டாள். “அவ்வளவு பணமும் இல்ல. ஏனுங் அம்மிணி,” என்று ஃபர்ஹானாவைப் பார்த்தாள், “நான் போனா இவளும் எங்கூடத்தான வருவா? நான் இவளை விக்கலியே. அப்பறம் எதுக்கு நாலு வருசத்தோட கணக்கை முடிச்சீங்க?”

ஃபர்ஹானா நேரே உள்ளறைக்குப் போனாள். மற்ற இருவரும் பின்னால் போனபோது, அவள் திரையில் பழைய சட்ட வரியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பூரணிக்கா, சட்டம் என்ன சொல்லுது? படிங்க.”

“குட்டி கைமாறக் கூடாது.”

“கை. நான் என்ன எழுதினேன் தெரியுமா? கட்டுத்தரை. குட்டி அந்தக் கட்டுத்தரையில எத்தனை வருஷம் நிக்கும்னு கேட்டு வச்சிருக்கேன். பட்டா, கிணறு, வீட்டு வரி, எல்லாம் சுலபமாக் கிடைச்சுது. நிலம் நகராது. மனுஷங்க நகருவாங்க. கணக்குக்கு நிலம்தான் வசதியா இருந்துது.” அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். “யாரும் கேக்கல. எனக்கும் தோணல.”

“இப்பக் கேளு.”

“கேட்டா இவங்களுக்கு மட்டும் மாத்த முடியாதுக்கா. இன்னைலேர்ந்து எல்லாருக்கும் மாறும். மேலதிகாரிக்கு என் தப்பை எழுதணும்.”

“எழுதுவியா?”

“எழுதுவேன்.”

“வேலை போயிருமா?”

“போனா நான் பாத்துக்கறேன்.”

ஃபர்ஹானா கட்டுத்தரை என்ற சொல்லை அழித்தாள். கை என்று அடித்தாள். இந்தக் குட்டி இந்தக் கையில் எத்தனை ஆண்டு இருக்கும்? சுழியன் வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டது. பிறகு எண்ணைக் காட்டியது.

இருபத்தைந்து.

“ஒண்ணேகால் ரூபாய்” என்றாள் பூரணி. “எங்கிட்டயே சில்லறை இருக்குது.”

“போர்டைப் பாத்து ஊரு என்னங்க நெனைக்கும்?” என்று சுடர்விழி கேட்டாள்.

“இருபத்தஞ்சு வருசம் அந்தக் கட்டுத்தரையிலயே கல்லு மாதிரி நிப்பான்னு நெனைக்கும். நாம பொய் சொன்னமா? இல்ல. ஊரு தப்பாக் கூட்டினா, தப்பாக் கழிச்சா, அது ஊரு பாடு.”

மறுநாள் காலை பலகையில் சுடர்விழி, கடுகு, ஒண்ணேகால் ரூபாய் என்று ஒளிர்ந்தது. பட்டுப்புடவை அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “இப்படி ஒரு மாமியா வாய்க்க எங்க புள்ளை குடுத்து வெச்சிருக்கோணும்ங்க. இனி அவ நகருவாளா!” என்று பூரணியிடமே வந்து சொன்னாள்.

“நகரவே மாட்டாங்க” என்றாள் பூரணி.

கூட்டம் கலைந்தும் தேவசேனன் மாமா போகவில்லை. ஞாயிறு மட்டும் வருகிறவர், திங்களும் வந்திருந்தார். நேற்று வேலியோரம் நின்றபோது கதவு சாத்தப்பட்டதையும், உள்ளே எழுந்த சிரிப்பையும் யோசித்துக்கொண்டே இருந்திருப்பார் போல.

பின்வாசலுக்குப் போகத் திரும்பிய ஃபர்ஹானா நின்றாள். பிறகு நேராக அவரிடமே வந்தாள்.

“மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த ரெண்டு வருஷம் உங்க ஆயுசு இல்ல. குட்டி உங்க கட்டுத்தரையில ரெண்டு வருஷம்தான் நிக்கும்னு மெஷின் சொல்லுச்சு. அவ்வளவுதான். நிலம் கைவிட்டுப் போகும்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு.”

“காடு கைவிட்டுப் போச்சு. சரிதான்.” அவர் தலையாட்டினார். “ஏன் போச்சு?”

“நீங்க வித்துட்டீங்க.”

“ஏன் வித்தேன்?”

அவரே பலகையைக் கைகாட்டினார்.

“நான் சாகப்போறன்னு போர்டுல போட்டீங்க, அதனால வித்தேன். நான் விப்பன்னு தெரிஞ்சு போர்டுல போட்டீங்க. இதுல எது மொதல்ல வந்துச்சு அம்மிணி?”

“எனக்குத் தெரியல மாமா. ஆனா விக்க வச்சது நாங்கதான். அதையும் சேர்த்துத்தான் மேல எழுதியிருக்கேன். இனி மெஷின் நிலத்தைப் பாக்காது, ஆளோட கையைத்தான் பாக்கும்.”

சிரிக்காத தேவசேனன் மாமாவை அவர்கள் அன்றுதான் பார்த்தார்கள். மூன்று வருடத்துக் கோபமும் அந்த முகத்தில் வந்து நின்றது. புங்கமரத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். லாயத்துக்குள் சாயங்காலம் புறப்படக் காத்திருந்த கடுகையும், அதற்குப் பக்கத்துத் தடுப்பில் நின்ற செம்பழுப்புக் குட்டியையும் பார்த்தார்.

“அப்ப நான் சாகப்போறதில்ல.”

“எல்லாரும் சாகத்தான் போறோம் மாமா” என்றாள் பூரணி. “என்னைக்குன்னு எங்களுக்குத் தெரியாது.”

“அப்ப எனக்கு ஒரு குட்டி குடுங்க.”

“காடு இல்லியே மாமா.”

“கையப் பாத்துத்தான் இனிக் குட்டின்னு இப்ப நீங்கதான சொன்னீங்க. எனக்குக் கை இருக்குது. அக்கா ஊட்டுக் கட்டுத்தரை சும்மாத்தான் கெடக்குது.”

ஃபர்ஹானா பூரணியைப் பார்த்தாள். “கையெழுத்து வாங்கிப் போட்டுப் பாத்துடட்டுமாக்கா?”

“எதுக்கு? மறுபடியும் அவர் மண்டையில ஒரு எண்ணை ஏத்தறதுக்கா? விதிப்படி அப்பறமாப் போட்டுக்கோ.” பூரணி தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினாள். “கையக் குடுங்க மாமா. மொதல்ல நீங்க சொல்லுங்க, எத்தனை வருசம் வெச்சிருப்பீங்க?”

அவர் துண்டுக்குள் கையை விட்டார். ஐந்து விரலும் பூரணியின் கையில் அழுந்தின. விட்டன. மறுபடியும் ஐந்தும் அழுந்தின. விட்டன. மறுபடியும்.

பூரணி எண்ணுவதை நிறுத்தினாள். அவர் நிறுத்துகிறவராகத் தெரியவில்லை.